கரையேறாத ஒரு படகு

சலேத்து மேரியிடம் படகுக்குப் பாய் கட்டக் கற்றுக்கொள்ள வந்தவர்களில் அவளைவிட வயதில் மூத்தவர் ஒருவர்தான். ஞானாதிக்கம் சார். அவருக்கு அறுபது. அவளுக்கு நாற்பத்தொன்று.

இன்னாசிபட்டினத்தில் பதினெட்டு வருஷம் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பாடம் பூகோளம். வடகிழக்குப் பருவக்காற்று எந்த மாதம் தொடங்கும், எந்தத் திசையிலிருந்து வீசும் என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டியவர். அவர் போட்ட அம்புக்குறி ஒரு நாள்கூட முந்தியதில்லை, பிந்தியதில்லை.

பிரிவு உபசார விழாவில் சால்வை போட்டார்கள், கடிகாரம் கொடுத்தார்கள். அத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். மைக் கையில் இருந்ததால் பேசினார்.

"இத்தனை வருஷம் காத்தைப் பத்திப் பாடம் நடத்தினேன். இனிமே காத்துல போகப் போறேன். பாய்மரப் படகு ஓட்டக் கத்துக்கிட்டு, கடல் வழியா நம்ம ஊருக்கே வந்து இறங்குவேன்."

கைதட்டினார்கள். கைதட்டினால் மனிதன் என்ன செய்வான்? சித்திரை மாதம் பெட்டியைக் கட்டிக்கொண்டு, கடல்வழியே இருபது மைல், சுற்றிப் போகும் சாலைவழியே அதில் மூன்று மடங்கு தெற்கே இருக்கும் புன்னைமுனைக்குப் போய்ச் சலேத்துவின் முன் நின்றார்.

முதல் வாரம் அவளை "சலேத்து, நீ" என்று கூப்பிட்டார். அவள் திரும்பவே இல்லை. காது மந்தமோ என்று நினைத்தார். இரண்டாம் வாரம் "டீச்சர்" என்றார்.

"சொல்லுங்க சார்," என்று திரும்பினாள்.

அன்றிலிருந்து அவர் டீச்சர் என்பார், அவள் சார் என்பாள். யார் யாருக்குப் பாடம் எடுக்கிறார்கள் என்று கரையில் வலை பின்னுகிறவர்களுக்குக் கடைசிவரை குழப்பம்தான்.

ஆறு மாதம் கற்றார். கயிறு இழுத்து உள்ளங்கை காய்த்தது. வாந்தி நின்றது. பாயைத் திருப்பும்போது தலையில் அடி வாங்குவதும் ஏறக்குறைய நின்றது. புரட்டாசி கடைசியில் ஊருக்குப் போன் செய்து ஒரு தேதி சொன்னார். ஐப்பசி முதல் சனிக்கிழமை, மாலை நான்கு மணி.

பழைய மாணவர்கள் சும்மா இருப்பார்களா? ஃப்ளெக்ஸ் அடித்துவிட்டார்கள். மூன்று பாய்மரக் கப்பல் ஒன்றின் மேல்தட்டில், கோட்டும் டையுமாக ஞானாதிக்கம் சார் நிற்கிற மாதிரி. கீழே, "கடல்வழி வரும் எங்கள் ஆசானே, வருக!" அதற்குக் கீழே தேதியும் மணியும். படத்தை அவர் போனுக்கு அனுப்பினார்கள். அவர் சலேத்துவிடம் காட்டினார்.

அவள் படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"காத்துகிட்ட கேட்டீங்களா சார்?"

"எதை?"

"நாலு மணி அதுக்குத் தோதுப்படுமான்னு."

சார் சிரித்தார். பூகோள ஆசிரியரிடம் பூகோளம் கேட்கிறாளே என்று சிரித்தார்.

புதன்கிழமை காற்று திரும்பியது. அவருடைய அம்புக்குறிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. வாடைக்காற்று அதைப் படித்ததில்லை. வெள்ளிக்கிழமை கடல் சாம்பல் நிறமானது. சார் மூன்று நாளாகத் தூங்கவில்லை. யாரும் கேட்கவில்லை என்பதால் அவரும் சொல்லவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் சலேத்து கரையில் நின்று வடக்கே பார்த்தாள். ஊர் இருப்பது வடக்கே. காற்று வருவதும் அங்கிருந்துதான்.

"படகைக் கரையில ஏத்திருவோம் சார்," என்றாள்.

ஞானாதிக்கத்தின் நெஞ்சுக்குள், மூன்று நாளாக நின்றுகொண்டே இருந்த ஏதோ ஒன்று சட்டென்று உட்கார்ந்தது. அப்பாடா என்று இருந்தது. அப்படி இருந்தது அவருக்கே பிடிக்கவில்லை. அதனால் சத்தம் போட்டார்.

"என்ன டீச்சர் இது! ஊரே காத்துக்கிட்டு நிக்கும். இதுக்குத்தானா ஆறு மாசம் கத்துக்கிட்டேன்? பாயை மடிச்சு வைக்கவா?"

"மடிக்க இன்னும் கத்துக்கலையே சார். இப்பதான் ஆரம்பிக்கிறோம்."

"அப்ப ஊருக்கு எப்படிப் போறது?"

"பதினொண்ணரைக்குப் பஸ் இருக்கு. நானும் எங்க அம்மா வீட்டுக்குப் போகணும். உங்க ஊரைத் தாண்டித்தானே போகுது? சேர்ந்தே போவோம்."

"பஸ்ஸா?"

"நடந்தா நாளைக்குத்தான் போய்ச் சேருவோம்."

அதன்பின் அவள் குனிந்து கயிற்றைப் பிடித்தாள். பிறகு நிமிர்ந்து ஒன்று மட்டும் கேட்டாள்.

"ஊருக்குச் சொல்லிருங்க சார். பஸ்ல வர்றோம்னு. முதல் வேலையா அதைச் செஞ்சிருங்க."

"சொல்லிடறேன்."

கரையில் இருந்த ஏழெட்டுப் பேர் கை கொடுத்தார்கள். உருளைக் கட்டைகளை மணலில் வரிசையாகப் போட்டு, வள்ளத்தை அதன்மேல் இழுத்து, அலை எட்டாத இடத்தில் நிறுத்தினார்கள். இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்தார்கள். பாய்மரத்தை இறக்கிப் படுக்க வைத்தார்கள். டீ குடித்துவிட்டுப் போனார்கள். மிச்ச வேலை இவர்கள் இரண்டு பேருக்கும்.

சார் போனை எடுத்தார். திரையில் ஃப்ளெக்ஸ் படம். என்ன சொல்வது? பயந்து பஸ்ஸில் வருகிறேன் என்றா? சரியான வார்த்தை கிடைக்கட்டும், பிறகு சொல்லலாம் என்று போனை அணைத்துப் பைக்குள் போட்டார். தமிழாசிரியரோடு இருபது வருஷம் சண்டை போட்டவருக்கு அன்றைக்கு ஒரு வாக்கியம் அமையவில்லை.

"சொல்லிட்டீங்களா சார்?" என்று சலேத்து படகுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள்.

"ம்."

அந்த "ம்"முக்கு எந்த அர்த்தமும் வைத்துக்கொள்ளலாம். அவள் நல்ல அர்த்தமாக வைத்துக்கொண்டாள். அவளிடம் போன் கிடையாது. வைத்துக்கொண்டால் ஆட்கள் பேசுகிறார்கள் என்பாள்.

பாயை நல்ல தண்ணீரில் மூன்று தரம் அலசினார்கள். ஒரு தரம் போதாதா என்று கேட்டார் சார்.

"நக்கிப் பாருங்க."

நக்கினார். உப்பு. மறுபடி அலசினார்.

பாய் வெயிலில் காய்கிற நேரத்தில், முடிச்சுகளை எல்லாம் அவிழ்க்கச் சொன்னாள். ஆறு மாதத்தில் அவர் போட்ட முடிச்சுகள். ஒவ்வொன்றையும் போடக் கற்றுக்கொண்ட நாள் அவருக்கு நினைவிருந்தது. சில முடிச்சு இறுகிப்போய் நகத்தைப் பெயர்த்தது.

"இதை அப்படியே விட்டா என்ன டீச்சர்? அடுத்த வருஷம் மறுபடி போடணும்."

"போடுங்க."

"வீண் வேலைதானே?"

"நனைஞ்ச கயிறு முடிச்சுலதான் மொதல்ல அழுகும்."

பிறகு படகின் அடியில் இருக்கும் துளையின் அடைப்பைப் பிடுங்கி எடுக்கச் சொன்னாள். சாருக்குக் கை வரவில்லை. ஆறு மாதமாக, அந்த அடைப்பு சரியாக இருக்கிறதா என்று தினம் மூன்று தரம் தொட்டுப் பார்த்தவர்.

"எடுங்க சார். கடல்ல இருக்கிறப்ப தண்ணி உள்ள வரக் கூடாது. கரையில இருக்கிறப்ப மழைத்தண்ணி வெளிய போகணும்."

எடுத்தார். பலகைக்கெல்லாம் மீனெண்ணெய் பூசினார்கள். கீற்று வேய்ந்தார்கள். பாயை வேப்பிலை போட்டு மடித்துச் சலேத்துவின் சரக்கு அறையில் பரணில் ஏற்றினார்கள். பதினொன்றேகாலுக்கு வேலை முடிந்தபோது அங்கே படகு இருந்ததாகவே தெரியவில்லை. கீற்றுக் கொட்டகை மாதிரி ஒன்று நின்றது.

குளிக்க நேரமில்லை. கை கால் கழுவிக்கொண்டு பஸ்ஸைப் பிடித்தார்கள்.

நடத்துநர் இரண்டு தரம் மூக்கை உறிஞ்சினார்.

"யாருங்க மீன் கூடை ஏத்தினது?"

"கூடை எதுவும் இல்ல தம்பி," என்றாள் சலேத்து. "நாங்கதான்."

"கடைசி சீட்டுக்குப் போங்கம்மா. புண்ணியமாப் போகும்."

கடைசி சீட்டில் உட்கார்ந்தார்கள். முன்னால் இருந்த பெண் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, ஜன்னலை முழுசாகத் திறந்துவிட்டு, ஒரு முறை முறைத்தாள். காற்று உள்ளே வந்தது. அதே வாடைதான். ஆனால் பஸ்ஸுக்குள் வந்தால் அதற்கு என்ன மரியாதை? தலைமுடியைக் கலைத்துவிட்டுப் போய்விடும்.

சாலை எந்தப் பக்கமும் சாயவில்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு உட்கார்ந்த இடம் உட்கார்ந்தபடியே இருந்தது. சார் கால்களை நீட்டினார். இரண்டாவது பஸ் மாறும் ஊரில் வேர்க்கடலை வாங்கித் தின்றார். தின்றுகொண்டே தூங்கிப்போனார். வாயைத் திறந்துகொண்டு, தலை சலேத்துவின் தோளில் இடிக்க, மூன்று நாள் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்கினார்.

விழித்தபோது ஊருக்கு இன்னும் முக்கால் மணி நேரம். தூக்கம் போனதும் ஃப்ளெக்ஸ் வந்துவிட்டது.

"டீச்சர், ஊர்ல கேட்டா பாய்மரம் விரிசல் விட்டுருச்சுன்னு சொல்லலாமா?"

"மரம் உங்களுக்கு என்ன பண்ணுச்சு?"

"இல்லைன்னா உங்களுக்குக் காய்ச்சல்னு..."

"எனக்குக் காய்ச்சல் இல்லையே."

"துறைமுகத்துல அனுமதி தரலைன்னு சொன்னா?"

"எந்தத் துறைமுகம்?"

சார் கடலைப் பொட்டலத்தைப் பிரித்தார், மறுபடி மூடினார்.

"பாதியிலயே நிறுத்திட்டோம்னா அதுக்கு என்னதான் சொல்றது டீச்சர்?"

"கடலை இருக்கா சார்?"

பொட்டலத்தைக் கொடுத்தார். அவள் தின்றாள். 

இன்னாசிபட்டினத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் சாலை கடலை ஒட்டி வளைகிறது. அங்கேதான் சலேத்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஜன்னல் பக்கம் குனிந்தாள்.

கரையில், பனைமர வரிசைக்குக் கீழே, ஊர்ப் படகுகள் எல்லாம் ஏற்றப்பட்டு முட்டுக் கொடுத்து நின்றன. முப்பதுக்கு மேல் இருக்கும். ஒன்று மட்டும் கடலில் இருந்தது. அலை உடைகிற இடத்துக்கு அப்பால், நங்கூரம் போட்டு, மூக்கைத் தூக்கித் தூக்கிக் குத்திக்கொண்டு நின்றது. அதில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"அது யாரு சார், இந்தக் காத்துல?"

சார் பார்த்தார். படகின் பச்சை வர்ணத்தைப் பார்த்தார். அது அவருடைய பழைய மாணவன் தொபியாஸின் படகு. பத்தாம் வகுப்பு பி பிரிவு, கடைசி பெஞ்ச். பூகோளத்தில் இருபத்திரண்டு மதிப்பெண்.

சாருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இன்னாசிபட்டினத்தில் ஒரு வழக்கம் உண்டு. வாடைக்குப் படகுகளைக் கரையேற்றுகிற நாளில் ஊர்க்காரர் எவராவது கடலில் இருந்தால், ஒரு படகை ஏற்ற மாட்டார்கள். இரண்டு பேர் அதில் உட்கார்ந்திருப்பார்கள். போனவர் வந்து சேருகிற வரைக்கும். வராவிட்டால் தேடிப் போவதற்கு.

அது வலைக்குப் போகிறவர்களுக்கான வழக்கம் என்று சார் இருந்துவிட்டார். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஆசைக்குப் படகு ஓட்டினால், அதற்கும் ஒருவன் போய் உட்கார்ந்திருப்பான் என்று அவர் நினைக்கவில்லை.

"சொல்லிட்டேன்னீங்களே சார்," என்றாள் சலேத்து.

சார் பைக்குள் கையை விட்டு, அணைத்துக் கிடந்த போனை எடுத்து மடியில் வைத்தார். அதுவே பதில்.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்குத் தேவலாம் போல இருந்திருக்கும்.

"எத்தனை வருஷம் சார் ஹெட்மாஸ்டர்?"

"பதினெட்டு."

"பொய் சொன்ன பிள்ளைகளை என்ன பண்ணுவீங்க?"

"வகுப்புக்கு வெளிய நிக்க வைப்பேன்."

அவள் ஜன்னல் வழியாகக் கடலைக் காட்டினாள்.

"இங்க வெளிய நிக்கிறது வேற ஆள்."

ஊர் நிறுத்தம் வந்ததும் எழுந்து விசில் அடித்தாள். நடத்துநரின் விசிலால் அல்ல, வாயால். ஓட்டுநர் பயந்து நிறுத்திவிட்டார்.

இறங்கியபோது மணி சரியாக நான்கு. தேதியும் சரி, மணியும் சரி. திசைதான் வேறு.

நிறுத்தத்தில் ஃப்ளெக்ஸ் காற்றில் படபடத்தது. டீக்கடை திறந்து கிடந்தது, ஆள் இல்லை. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. ஊர் முழுக்கக் கரையில் நின்றது.

சார் பின்னாலிருந்து வந்து பார்த்தார். எல்லாருடைய முதுகும் தெரிந்தது. எல்லார் முகமும் கடலைப் பார்த்து. பங்குக் கோயில் இளைஞர்களின் பேண்டு வாத்தியம் துணி போர்த்தி மணலில் கிடந்தது. ஒரு பையன் மாலையைப் பிடித்துப் பிடித்துக் கை மாற்றிக்கொண்டிருந்தான். கவிழ்த்துப்போட்ட கூடை ஒன்றின் மேல் அவர் மனைவி எமரன்சியா உட்கார்ந்திருந்தாள். கையில் ஜெபமாலை. எத்தனையாவது சுற்றோ, விரல் தானாக நகர்ந்தது.

 வரவேற்பு விழாவுக்கு வந்த கூட்டம் மாதிரி இல்லை.

வலது பக்கச் சந்தில் அவர் வீடு. ஒரு நிமிஷ நடை. உள்ளே போய்க் குளித்து, வேட்டி மாற்றி, இரண்டு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்ட மாதிரி வெளியே வரலாம். காரணம் என்று ஏதாவது அதற்குள் கிடைக்கும். அவர் கண் சந்துப் பக்கம் போனது.

சலேத்து பக்கத்தில் நின்றாள். அவள் சந்தைப் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. பச்சைப் படகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பெரிய அலை வந்து அதன் மூக்கை வானத்துக்குத் தூக்கியது. உள்ளே இருந்த இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து எழுந்தார்கள்.

சார் போனை உயிர்ப்பித்தார். நாற்பத்தொரு அழைப்புகள் தவறியிருந்தன. கடைசி ஒன்பதும் தொபியாஸ்.

அந்தப் பெயரை அழுத்தினார்.

"சார்!" கத்தினான். காற்று அவன் குரலைப் பாதி தின்றது. "சார், எந்தப் பக்கம் இருக்கீங்க? பாய் கண்ணுக்கே தெரியலையே! நங்கூரத்தை எடுக்கட்டுமா? வந்துரவா?"

"எடுக்காதப்பா. வேணாம். நான் கரையில நிக்கிறேன்."

"எந்தக் கரையில சார்?"

"நம்ம கரையில."

முதுகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. பேண்டுக்காரர்கள் திரும்பினார்கள். மாலை வைத்திருந்த பையன் திரும்பினான். எமரன்சியாவின் விரல் நின்றது.

"எப்படி சார்? நாங்க பாக்கலையே..."

"பஸ்ல வந்தேன்."

போனில் காற்று மட்டும் கேட்டது. கரையிலும் அதேதான் கேட்டது. பிறகு தொபியாஸ், குரலைத் தணித்து, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் கேட்டான்.

"மரம் ஒடிஞ்சு போச்சா சார்?"

நல்ல பிள்ளை. அவனே எடுத்துக் கொடுக்கிறான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"இல்லப்பா," என்றார் ஞானாதிக்கம் சார், ஊர் முழுக்க அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க. "மரம் நல்லாத்தான் இருக்கு. எனக்குப் பயமா இருந்துச்சு. அதான் பஸ்ல வந்துட்டேன். அதைச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு போனையும் அணைச்சுட்டேன்."

போனில் அலை ஒன்று படகில் மோதியது காதில் விழுந்தது.

"அப்ப நாங்க உள்ள வரலாமா சார்?"

 வாசல் ஓரம் நின்று அந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளைகள் எத்தனை ஆயிரம். ஒரு தரம்கூட அவர் உடனே பதில் சொன்னதில்லை. கடிகாரத்தைப் பார்ப்பார், கேள்வி கேட்பார், பிறகுதான்.

"வாப்பா," என்றார். "வா, வா, வா."

எமரன்சியா கூடையிலிருந்து எழுந்து வந்தாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள். அவர் கையைப் பிடித்தாள்.

"என்ன நாத்தம் இது!"

"மீனெண்ணெய்."

"குளிக்காமயா பஸ்ல வந்தீங்க? பக்கத்துல உக்காந்தவங்க என்ன பாவம் பண்ணாங்க?"

கையை மட்டும் விடவில்லை.

பேண்டுக்காரர்களில் மூத்தவன் தயங்கித் தயங்கி வந்தான்.

"அம்மா, அடிக்கலாமா, வேண்டாமா? சார் பஸ்ல வந்துட்டாரே."

"அடிங்கடா," என்றாள் எமரன்சியா. "ஆள் வந்தாச்சுல்ல? எதுல வந்தா உங்களுக்கென்ன?"

அடித்தார்கள். பிறகு யாரோ கத்த, வாத்தியத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள். பச்சைப் படகு அலைக்குள் வந்துவிட்டது. நேரம் பார்த்து, இரண்டு அலைக்கு நடுவே தொபியாஸ் அதை உள்ளே விட்டான். கயிறு பறந்து வந்தது. நாற்பது ஐம்பது கை அதைப் பிடித்தது. சலேத்து முழங்கால் அளவு தண்ணீரில் நின்று கத்தினாள்.

"இப்ப இழுக்காதீங்க! அலை வரட்டும்... வரட்டும்... இழு!"

சாரும் கயிற்றைப் பிடித்தார். எமரன்சியா ஒரு கையை விடாததால் ஒற்றைக் கையால் பிடித்தார். ஆறு மாதம் காய்த்த கை, வழுக்கவில்லை. மூன்று இழுப்பில் படகு ஈர மணலுக்கு வந்தது. ஏழாவது இழுப்பில் உருளைக் கட்டை ஏறியது. பனைமர வரிசைக்கு வந்து நின்றதும், அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கயிற்றை விட்டார்கள். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூச்சும் விட்டார்கள். அந்தச் சத்தம் வாடைக்கு மேலே கேட்டது.

தொபியாஸ் இறங்கினான். உதடு வெளுத்திருந்தது. சட்டையைப் பிழிந்தான். சார் அவன் முன்னால் போய் நின்றார். சொல்வதற்கு அன்று இரண்டாவது முறையாக வாக்கியம் அமையவில்லை.

"சார், இளைச்சுட்டீங்க," என்றான் தொபியாஸ். "கறுத்தும் போயிட்டீங்க."

"தொபியாசு, நான்..."

"சாப்பிட வாங்க சார். எங்க வீட்டுல காலையில இருந்து குழம்பு கொதிக்குது. நீங்க வந்ததும் போடலாம்னு மீனை இன்னும் போடல."

மாலையை யாருக்குப் போடுவது என்று பையனுக்குத் தெரியவில்லை. கடைசியில் படகின் மூக்கில் மாட்டிவிட்டான். சிரித்துக்கொண்டே எல்லாரும் கலைந்தார்கள். பேண்டுக்காரர்கள் தெரு வரைக்கும் ஒரு பாட்டைப் பாதியில் ஆரம்பித்துப் பாதியில் விட்டார்கள். நடைபாதையில் செருப்புச் சத்தம், குழந்தைகளை அதட்டும் சத்தம், எங்கோ ஒரு வீட்டில் கடுகு வெடிக்கும் சத்தம்.

சலேத்து மட்டும் போகவில்லை. பச்சைப் படகைச் சுற்றி வந்து, முட்டுகளை ஒவ்வொன்றாக உதைத்துப் பார்த்தாள். ஒன்று ஆடியது. கல் எடுத்துச் செருகினாள். குனிந்து அடித்துளையின் அடைப்பைப் பிடுங்கினாள். உள்ளே தேங்கியிருந்த தண்ணீர் மணலில் கொட்டியது. அது கொட்டி முடிகிற வரைக்கும் நின்று பார்த்தாள். அப்புறம் படகின் நிழலில் உட்கார்ந்து, காலை நீட்டி, முதுகைப் பலகையில் சாய்த்தாள்.

சார் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வீட்டுக்குப் போய் வெந்நீர் வைப்பதாகச் சொல்லி, எமரன்சியா அப்போதுதான் கையை விட்டிருந்தாள்.

"டீச்சர், ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க சார்."

"காலையில நீங்க படகை ஏத்திருவோம்னு சொன்னீங்கல்ல? நான் சத்தம் போட்டேனே. ஆனா உள்ளுக்குள்ள எனக்கு மொதல்ல வந்தது என்ன தெரியுமா? நிம்மதி. அப்பாடான்னு இருந்துச்சு. தப்பிச்சேன்டா சாமின்னு இருந்துச்சு. அதை நினைச்சுத்தான் நாள் பூரா வெக்கமா இருக்கு."

அவள் கண்ணை மூடியிருந்தாள்.

"உங்களுக்கு அப்படி வந்ததே இல்லையா டீச்சர்?"

"வந்துச்சு சார்."

"எப்ப?"

"இப்பதான்," என்றாள் சலேத்து.